அரத்தை எடுக்கும் முன் ஷிம்மை மாற்றிப் பாருங்கள்

மாடல் வண்டியின் 3.5 சிசி குளோ எஞ்சினை (சூடான பிளக் சுருளால் எரியூட்டும் சிறு எஞ்சின்) இன்னும் வேகமாக்க வேண்டும் என்றதும் பலருக்குக் கை முதலில் கிரைண்டருக்குத்தான் போகிறது. லைனரில், அதாவது பிஸ்டன் ஓடும் உலோகக் குழாயில், இழைத்த உலோகம் திரும்பி வராது. ஷிம் என்பது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் வைக்கும் மெல்லிய வளையம்; தப்பாகிப் போனால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். அதனால் ஹெட்டிலிருந்து தொடங்குங்கள்.

பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது ஹெட்டுக்கு எவ்வளவு இடைவெளி என்று அளக்க, 1 மி.மீ சால்டரிங் ஈயக் கம்பி போதும். பிஸ்டன் தலையில் ஓரம் முதல் ஓரம் வரை, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின்னுக்கு (pin) இணையாக, துளி கிரீஸில் ஒட்டுங்கள். ஹெட்டை மாட்டி, திருகுகளை எதிரெதிராக இறுக்கி, ஃபிளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நசுங்கிய இரண்டு முனைகளையும் மைக்ரோமீட்டரில் பாருங்கள். கம்பியை அந்தப் பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கே வைத்தால் பிஸ்டன் சாய்ந்து அளவு தப்பும். முனைக்கு முனை வித்தியாசம் தெரிந்தால் பெரும்பாலும் ஷிம்முக்கு அடியில் தூசி இருக்கும்.

எரிபொருளில் 25 சதவீத நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) இருந்தால் 0.5 முதல் 0.6 மி.மீ வரை இடைவெளி நல்ல தொடக்கம். நைட்ரோ கூடினால் ஷிம்மும் கூட வேண்டும். ஒருமுறைக்கு 0.1 மி.மீ, அதற்கு மேல் வேண்டாம். மீதியை குளோ பிளக்கே சொல்லிவிடும். பிளாட்டினச் சுருள் நெளிந்து, பளபளப்பு போய், தூள் பூசியதுபோல மங்கியிருந்தால் அழுத்தம் அதிகம், அல்லது நீடில் (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு) லீனாக, அதாவது எரிபொருள் குறைவாக வரும்படி, இருக்கிறது. முதலில் மெயின் நீடிலைப் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றுத் திறந்து பாருங்கள். அப்படியும் சுருள் கெட்டால் ஷிம் சேருங்கள். ஹெட்டின் விளிம்பில் ஊசி குத்தியதுபோல் பள்ளங்கள் விழுந்திருந்தால் அந்த எஞ்சின் டெட்டனேஷனில், அதாவது எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிக்கும் நிலையில், ஓடியிருக்கிறது.

அடுத்தது போர்ட் டைமிங், அதாவது லைனரில் வாயு போய்வரும் துளைகள் (போர்ட்) எப்போது திறந்து மூடும் என்பது. இதையும் வெட்டாமலே சோதிக்கலாம். லைனரின் விளிம்புக்கு அடியில் 0.1 மி.மீ ஷிம் வைத்தால் எல்லா போர்ட்டும் சேர்ந்து உயரும். ஹெட் உட்காருவது அந்த விளிம்பின்மேல் என்பதால், மேலேயிருந்து 0.1 ஷிம்மை எடுத்துவிட வேண்டும். மறந்தால் அழுத்தம் குறைந்து, சோதனையே பொய்யாகிவிடும். ஏபிசி லைனர் (குரோம் பூசிய பித்தளைக் குழாய்) மேலே குறுகலானது. லைனர் உயர்ந்தால் உச்சியில் பிஸ்டனின் பிடிப்பும் கொஞ்சம் தளரும். தேய்ந்த எஞ்சினில் இதைச் செய்யாதீர்கள்.

16 மி.மீ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட்டை 0.2 மி.மீ உயர்த்தினாலே அது திறந்திருக்கும் அளவு கிராங்க் சுழற்சியில் மொத்தம் சுமார் 3 டிகிரி கூடும். உச்ச ஆர்பிஎம் ஏறும், கீழ் இழுவை குறையும். எக்ஸாஸ்ட் பைப் பழைய நீளத்திலேயே இருந்தால் இழுவை போனதுதான் மிச்சம், வேகம் வராது. எஞ்சினையும் பைப்பையும் இணைக்கும் மேனிஃபோல்டை 3 மி.மீ, 3 மி.மீயாகக் குறைத்து ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் வெட்டத்தான் வேண்டும் என்றால் டைமண்ட் பர் (வைரத்தூள் பதித்த, சுழன்று அரைக்கும் சிறு முனை) போடுங்கள். குரோம் பூச்சைப் பித்தளையோடு அழுத்தும் திசையில் பர் சுழல வேண்டும். திசை மாறினால் விளிம்பில் பூச்சு செதில்செதிலாக உரியும். வெட்டிய விளிம்பை மெல்ல உருட்டிவிட்டு, லைனரை மெத்தனாலில் இரண்டு முறை கழுவி எண்ணெய் தடவிய பிறகே மாட்டுங்கள்.