கால்வாயோரத்து ரயில் நிலையம்: சில நாட்குறிப்புகள்

ஜூலை 3, வியாழன்

சென்னையில் தூண்கள்மேல் ஓடும் பறக்கும் ரயிலின் எங்கள் பகுதி நிலையத்துக்கு ஒருவருக்கு வழி சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு. இன்று ஊரிலிருந்து வந்த சித்தப்பா பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "ஸ்டேஷன் எங்கேயப்பா இருக்கிறது?" என்று மூன்று முறை போன் செய்துவிட்டார். பஸ் போகும் சாலையில் அது இல்லையே! நகருக்குள் நிலம் கிடைப்பது அரிது என்பதால், இந்தப் பாதையின் பெரும்பகுதியைப் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே தூண் நட்டு எழுப்பினார்கள். கால்வாய் எங்கே வளைகிறதோ அங்கேதான் நிலையமும். சந்து பொந்தெல்லாம் தாண்டித்தான் வரவேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

மாம்பலத்தில் பெரியம்மா வீடு. பறக்கும் ரயிலில் பூங்கா நகர் நிலையத்தில் இறங்கி, தாம்பரம் பாதையிலுள்ள பூங்கா நிலையம் வரை நடந்து தாம்பரம் வண்டி பிடித்தேன். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அங்குள்ள நிலையங்கள் தரையோடு தரையாக இருக்கின்றன. மாம்பலத்தில் வெளியே கால் வைத்தால் ரங்கநாதன் தெரு. நெரிசல்தான், ஆனாலும் ரயிலும் கடைவீதியும் ஒட்டிப் பிறந்தவை. நம் பாதையோ மிகவும் இளையது: 1995-ல் சேப்பாக்கம் வரை, 1997-ல் திருமயிலை, 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. ஊர் முழுதாக வளர்ந்து முடிந்தபிறகு இடம் தேடி வந்த விருந்தாளி அது. கிடைத்த மூலையில் உட்கார்ந்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

டிக்கெட் எடுக்க ஒரு மாடி, ரயில் ஏற இன்னொரு மாடி. நடுவில் உள்ள கூடத்தில் ஒரு கல்யாணமே நடத்தலாம். அவ்வளவு இடமும் காலியாகக் கிடக்கிறது. இந்தக் கட்டடத்தை வரைந்தவர் கையில் மளிகைப் பையோடு ஒருநாள் மேலே ஏறிப் பார்த்திருக்க வேண்டும். தானியங்கி இயந்திரத்தின் அருகே ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் நின்று, நாம் ஊர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டிக்கெட்டை நீட்டிவிடுகிறார். நிலையத்திலேயே ஆகச் சிறந்த வசதி அவர்தான்.

நடைமேடையில் பெண்கள் பெட்டி எந்தத் தூணருகே நிற்கும் என்பது வாடிக்கையாக வருகிறவர்களுக்கு மனப்பாடம். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கி தொடங்கும்போதே அவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். புதிதாக வந்தவர்கள்தான் வண்டி வந்தபிறகு ஓடுகிறார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

மாலையில் நல்ல மழை. உயரத்தில் இருப்பதற்கு இந்த ஒரு நன்மை உண்டு: கடல்காற்று தடையின்றி வருகிறது. கால்வாய் நாற்றமும் கூடவே வருகிறது, அதை விடுங்கள். இந்திரா நகர் நிலையத்தின் வெளிச்சுவரில் வரிசையாக வரைந்திருக்கும் பெரிய பெரிய முகங்கள் மழையில் நனைந்து இன்னும் பளிச்சென்று தெரிந்தன. எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்கக்கூடாது என்பதற்காக வரைந்த ஓவியம் அது.

எங்கள் நிலையத்துக்கு நகரும் படி வேண்டும் என்கிறார் எதிர்வீட்டு மாமா. நான் கேட்பது மறுகரைக்கு ஒரு நடைபாலம். அந்தக் கரையில் குடியிருப்பவர்கள் கண்ணெதிரே ரயிலைப் பார்த்துக்கொண்டே, சாலைப் பாலம் வரை போய்ச் சுற்றி வருகிறார்கள். அதற்குள் அந்த வண்டி போய்விடுகிறது.