நகக்கண் அளவு சேதம்

இலண்டனில் பழைய பீங்கான், சுடுமண் கலைப்பொருள்களைச் சீர்செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், ஓரடி உயரமுள்ள ஒரு ஜோடி ஜப்பானிய சத்சுமா வகைப் பூச்சாடிகள் என் மேசைக்கு வந்தன. தந்த நிற உடலும், மயிரிழை போன்ற வெடிப்புகள் வலையாகப் பின்னிய கண்ணாடிப் பூச்சும், அதன்மேல் எனாமலிலும் பொன்னிலும் தீட்டிய சாமந்திப் பூக்களுமாக இருந்தன. அந்த வெடிப்புகளையும் போக்கித் தர முடியுமா என்று உரிமையாளர் கேட்டிருந்தார். சூளைச் சூடு ஆறும்போது அடியிலுள்ள மண்ணைவிடக் கண்ணாடிப் பூச்சு அதிகமாகச் சுருங்குவதால் உண்டாகும் அந்த வலைதான் சத்சுமாவின் அழகே என்பதை அவருக்குக் கடிதத்தில் விளக்க வேண்டியிருந்தது.

அடிப்பகுதியில் வட்டத்துக்குள் சிலுவை வடிவிலான ஷிமாசு குலச் சின்னத்தைக் கண்டதும், 'சத்சுமாவில் செய்யப்பட்டது' என்று பதிவேட்டில் உற்சாகமாக எழுதினேன். பட்டறைத் தலைவி அதைப் பென்சிலால் அடித்து, 'சத்சுமா பாணி, மெய்ஜி காலம் (1868–1912)' என்று திருத்தினார். கியூஷுத் தீவின் தென்கோடியிலுள்ள சத்சுமாவை ஆண்ட ஷிமாசு பிரபு 1598-இல் கொரியப் போரிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த குயவர்களிடமிருந்து தொடங்கியது இந்தக் கலை. 1867 பாரிஸ் கண்காட்சிக்குப் பிறகு ஐரோப்பியர் இதன்மேல் மோகம் கொள்ளவே, கியோட்டோவின் அவாட்டாவிலும் ஒசாக்காவிலும் யோகோஹாமாவிலும் ஏற்றுமதிக்கென்றே செய்து, அதே குலச் சின்னத்தையும் இட்டு அனுப்பினார்கள். ஜோடியாக இருப்பதே ஒரு குறிப்புதான்: ஜப்பானிய வீட்டின் தோகோனோமா மாடத்துக்கு ஒரு சாடி போதும், கணப்படுப்பின் இரு முனைகளையும் நிரப்ப நினைத்த ஐரோப்பியருக்கே இரண்டு வேண்டியிருந்தன.

அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் பிடித்தபோது, ஒரு சாடியின் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பால் போன்ற வெளிச்சம் எழுந்தது. யாரோ முன்பு செய்த பழுதுபார்ப்பு அது. சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால், அங்கே பொன் மட்டும் சற்றே பழுப்பேறியிருந்தது; பொன்னுக்குப் பதிலாக வெண்கலத் தூளைக் குழைத்துப் பூசியிருந்ததால் அது காலப்போக்கில் கறுத்துவிட்டது. அசிட்டோனில் நனைத்த பஞ்சுக் குச்சியை உருட்டி உருட்டி அந்தச் சாயத்தைக் கரைக்க எனக்கு மூன்று நாட்களாயின. அதனடியில் நான் எதிர்பார்த்த பெரிய உடைவு இல்லை. முழுதான சாமந்தி இதழ்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. விளிம்பில் நகக்கண் அளவுக்குத்தான் சில்லு பெயர்ந்திருந்தது. அதை மறைக்க அந்த மனிதர் நூறு மடங்கு இடத்துக்கு வண்ணம் தெளித்திருக்கிறார். முதலில் கோபம் வந்தது. பின்பு அதே இடத்தை நிரப்பி, தந்த நிறத்தைக் கலந்து கலந்து பார்த்தும் ஓரம் தனியே தெரிந்தபோது, தூரிகையை இன்னும் சற்று வெளியே இழுத்து நிறத்தை மங்கலாக்கினால் என்ன என்று என் கையும் துறுதுறுத்தது. அவரை அதற்குமேல் ஏச எனக்கு மனம் வரவில்லை. பெயர்ந்த இடத்தின் எல்லையை வண்ணம் தாண்டக் கூடாது என்பது எங்கள் பட்டறையின் விதி. அதைக் காப்பாற்ற மேலும் இரண்டு நாட்கள் பிடித்தன.

மற்றொரு சாடியின் அடியில், மேசை விளக்காக்குவதற்காகக் கம்பி நுழையும் துளை போட்டிருந்தார்கள். அதை அப்படியே விட்டோம்.

என் பிழையையும் சொல்ல வேண்டும். பொன் கடைசியாகத் தீட்டப்பட்டுக் குறைந்த சூட்டில் சுடப்படுவதால், அது மற்றவற்றைவிட இளகலாகவே மேலே ஒட்டியிருக்கும். மூன்றாம் நாள் மாலை, முடித்துவிடும் அவசரத்தில் குச்சியை உருட்டாமல் தேய்த்துவிட்டேன். ஓர் இதழின் பொற்கோடு பஞ்சோடு வந்துவிட்டது. வெறும் நான்கு மில்லிமீட்டர்தான். அந்த இடத்தைத் திரும்பத் தீட்டிவிடலாமா என்று தலைவியிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். 'இடப்புறம் மூன்றாம் இதழ், வெளிக்கோடு, சுத்தம் செய்கையில் இழக்கப்பட்டது' என்று எழுதி, கீழே என் முதலெழுத்துகளை இட்டேன்.