அங்கோர் வாட்டில் கிழக்குச் சுவர்

கம்போடியாவின் அங்கோர் வாட் கோயில் என்றதும் எல்லாரும் போடுவது அந்தச் சூரிய உதயப் படத்தைத்தான். நானும் இருட்டிலேயே போய்க் குளக்கரையில் நின்றேன். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோயில் மேற்குப் பார்த்தது; காலையில் வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் முகப்பு வெறும் நிழலாகத்தான் தெரியும். முகப்பைப் பார்க்க மாலை நேரமே சரி.

உதயம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. அப்போது நேராகக் கிழக்குத் திருச்சுற்றுக்குப் போய்விடுங்கள். பாற்கடல் கடையும் காட்சி, ஒரே சுவரில் ஏறக்குறைய 49 மீட்டர் நீளம்! வாசுகியை ஒரு பக்கம் அசுரர்களும் மறுபக்கம் தேவர்களும் இழுக்க, நடுவில் திருமால், அடியில் ஆமை. இளவெயில் சாய்வாகப் படும்போது ஒவ்வொரு தசையும் தெரிகிறது. என்னை அசத்தியது கீழ்வரிசைதான். மத்துக்கு அருகே வந்த மீன்களும் முதலைகளும் துண்டு துண்டாகிக் கிடக்கின்றன. கடலைக் கடைந்தால் உள்ளே இருப்பவற்றின் கதி என்ன என்று அந்தச் சிற்பி யோசித்திருக்கிறான் பாருங்கள்.

இந்தக் கோயில் 12ஆம் நூற்றாண்டில் மன்னன் இரண்டாம் சூர்யவர்மன் திருமாலுக்காகக் கட்டியது. பிறகு பௌத்தத் தலமானது. சிற்பங்களை இடஞ்சுற்றாகப் பார்த்துப் போனால்தான் வரிசை சரியாக வரும்.

அப்புறம், மேல்தளத்துக்கு ஏறத் தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். படிகள் செங்குத்து. முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே நின்றுகொள்ளலாம், சிற்பமெல்லாம் அங்கேதான். பக்கத்திலுள்ள பாயோன் கோயிலின் படங்கள் கேட்டவர்களுக்கு, இந்த வாரம் போடுகிறேன்.