பிள்ளையார் பால் குடித்த அன்று

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா பால் சொம்போடு வாசலில் நிற்கிறாள். "பிள்ளையார் பால் குடிக்கிறாராம், வர்றியா?"

விடியற்காலையில் டெல்லியில் கிளம்பிய சேதி அது. செல்போன் கையில் இல்லாத காலத்திலேயே, எஸ்.டி.டி. பூத் வழியாகச் சாயங்காலத்துக்குள் ஈரோட்டில் எங்கள் தெருமுனைக்கு வந்துவிட்டது. லண்டனிலும் குடிக்கிறாராம். அரசமரத்தடியில் பெரிய வரிசை. எங்கள் அறிவியல் வாத்தியாரும் நின்றார். என்னைப் பார்த்ததும் பால் பாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

என் முறை வந்தது. துதிக்கையில் ஸ்பூனை ஒட்டிப் பிடித்தேன். நிஜமாகவே பால் குறைந்தது. பொய் சொல்ல மாட்டேன், கை நடுங்கிவிட்டது.

அப்பா கறுப்புச் சட்டைக்காரர். பெரியார் ஊர்க்காரன் என்ற கர்வம் வேறு. விஷயத்தைக் கேட்டவர் கத்தவில்லை. பூஜை அலமாரியிலிருந்த பித்தளைப் பிள்ளையாரை எடுத்து மேசைமேல் வைத்தார். (அந்த அலமாரியை அவர் தொட்டு அன்றுதான் பார்த்தேன்.) சிலையைத் தண்ணீரில் நனைத்தார். ஸ்பூன் நிறையப் பால், அதில் என் பேனாவிலிருந்து இரண்டு சொட்டு நீல மை. துதிக்கையில் வைத்ததும் பால் குறைய ஆரம்பித்தது. தொந்தி வழியே நூல் மாதிரி ஒரு நீலக்கோடு இறங்கிப் பாதத்தில் தேங்கியது.

"பரப்பு இழுவிசை. விளிம்பு வரைக்கும் இருக்கிற பால், சிலையைத் தொட்டதும் அதோடு ஒட்டிக்கிட்டு வழிஞ்சுடும். ஈரத்துல கண்ணுக்குத் தெரியாது."

டெல்லியில் விஞ்ஞானிகளும் பாலில் சாயம் கலந்து இதையேதான் காட்டினார்கள் என்று பேப்பரில் வந்தபோது அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அம்மா நீலக்கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க, குடிக்கல. நேத்து வரைக்கும் கூடத்தான் அவர் குடிக்கல. நான் கும்பிடாமயா இருந்தேன்?"

கடவுள் விஷயத்தில் இன்றைக்கும் நான் அப்பா கட்சிதான். ஆனால் அந்தக் கேள்விக்கு அப்பாவிடம் பதில் இல்லை, என்னிடமும் கிடையாது. நாத்திக-ஆத்திகச் சண்டை எங்கே நடந்தாலும் அந்த மைப் பாட்டில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பால் எங்கே போனது என்று அப்பா சரியாகவே கண்டுபிடித்தார். அம்மா அதைக் கேட்கவே இல்லையே!

அம்மாவின் நிஜமான கோபமெல்லாம் மைமேல்தான். மறுநாள் காலையில் பார்த்தால், குழாயடியில் குத்த வைத்து அப்பா புளி போட்டுப் பிள்ளையாரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"1953-ல பெரியார் பிள்ளையாரை உடைச்சாரு. என் நிலைமையைப் பாரு" என்றார் என்னிடம்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "காதுக்குப் பின்னால இன்னும் கறை இருக்குது பாருங்க."