கிரண் என்கிற பழைய வாத்தியார்
இந்திய விமானப்படையின் கிரண் பயிற்சி ஜெட் மேல் எனக்குத் தனிப் பிரியம். பெங்களூருவின் அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். உருவாக்கியது, முதலில் பறந்தது 1964 செப்டம்பரில். ஆசிரியரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. முன்னும் பின்னுமாக உட்காரும் ஹாக் பயிற்சி ஜெட்டில் இந்த வசதி கிடையாது. மாணவன் கை எங்கே தடுமாறுகிறது என்று திரும்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும், தப்பிக்க வழியில்லை!

அப்புறம் 1996-ல் விமானப்படையின் வான்சாகசக் குழுவான சூர்யகிரண். ஒன்பது கிரண் மார்க் 2 விமானங்கள் ஒட்டிக்கொண்டு பறந்தன. 2011-ல் சாகசத்தை நிறுத்திவிட்டு, பயிற்சிக்கு விமானம் பற்றாமல் அவற்றையும் வகுப்புக்கே திருப்பி அனுப்பினார்கள். குழு பிறகு ஹாக்கோடு திரும்பி வந்தது.

கிரணுக்கு மாற்றாக வரவேண்டிய சிதாரா பயிற்சி ஜெட் 2003-லேயே முதலில் பறந்தது. சுழன்றபடி விழும் விமானத்தை மீட்க முடிகிறதா என்று பார்க்கும் சுழல் சோதனையில் சிக்கி வருடக்கணக்கில் இழுத்தது. அந்த வருடங்களிலும் பாடம் நடத்தியது கிரண்தான்.