‘அற் எ ஸ்லோவர் ரேற்’

எங்கள் கந்தோரில் தயாராகும் ஆங்கில அறிக்கைகளை அனுப்புவதற்கு முன் வாசித்துத் திருத்துவது என் வேலை. எழுதுகிற பிள்ளைகள் கெட்டிக்காரர். யாழ்ப்பாணத்தில் படித்தவர்கள், தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள். அவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் ஒன்று உண்டு: ஒரு தொகை கூடுகிறது, ஆனால் முந்தி மாதிரி வேகமாக இல்லை என்று சொல்ல வேண்டிய இடம்.

அதற்கு, ‘முந்தியதைவிட மெதுவாக’ என்ற அர்த்தத்தில், ‘அற் எ ஸ்லோவர் ரேற்’ (at a slower rate), ‘அற் எ ஸ்லோவர் பேஸ்’ (at a slower pace) இரண்டும் சரி. ‘வேகத்தில்’ என்ற நினைப்பில் பலர் ‘அற்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்’ போடுகிறார்கள். நடுவில் வரும் ‘எ’ காணாமல் போவது இன்னும் சாதாரணம். அதெல்லாம் பேனையால் ஒரு கீறு, அவ்வளவுதான். முன்னால் வரும் வினைச்சொல் பிழைத்தால்தான் கதையே மாறிவிடும்.

2023 விலைவாசி பற்றிய பந்தியொன்றில் ‘பிரைசஸ் டிக்ரீஸ்ட் அற் எ ஸ்லோவர் ரேற்’ என்று இருந்தது. எழுதியவரைக் கூப்பிட்டேன்.

“தம்பி, அந்த வருசம் விலை இறங்கினதோ?”

“பணவீக்கம் இறங்கினதுதானே அண்ணை?”

“அது சரி. விலை இறங்கினதோ எண்டு திருநெல்வேலிச் சந்தையில ஒருக்காக் கேட்டுப் பாரும்.”

கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம், அதாவது ஒரு வருடத்தில் விலைகள் ஏறிய வீதம், 69.8 சதவீதம், 2023 செப்டெம்பரில் 1.3. அதாவது 2021இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்கள் ஒரு வருடத்தில் சராசரியாக 170 ரூபாயளவுக்கு ஏறி, அடுத்த வருடம் 172 ரூபாயளவுக்கு வந்தன. ஏற்றம் மெதுவானதே தவிர நிற்கவில்லை. ஆகவே ‘பிரைசஸ் ரோஸ் அற் எ ஸ்லோவர் ரேற்’ என்றுதான் வரவேண்டும். தம்பி எழுதியதை ஆங்கிலம் தெரிந்தவர் வாசித்தால், விலைகள் முதலிலேயே இறங்கிக்கொண்டிருந்தன, அந்த இறக்கம் இப்போது மெதுவாகிவிட்டது என்றுதான் விளங்கிக்கொள்வார். 2024 செப்டெம்பரில் பணவீக்கம் சைபருக்குக் கீழே, மறை 0.5 சதவீதத்துக்குப் போனது. விலைகள் ‘ஃபெல்’ என்று எழுத இடம் வந்தது அப்போதுதான். (வீட்டில் சொன்னால் அதையும் நம்பமாட்டார்கள்.)

கடன் பற்றிய அறிக்கைகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘லெண்டிங் க்ரூ அற் எ லோவர் ரேற்’ என்று எழுதினால், கடன் கொடுப்பது மெதுவாகக் கூடியதா, வட்டி குறைந்ததா என்று வாசிப்பவர் தடுமாறுவார். ‘ரேற்’ என்றதும் வட்டி நினைவுக்கு வருகிற துறை அது. அங்கே நான் ‘ஸ்லோவர் பேஸ்’ என்று மாற்றிவிடுவேன். இலக்கணப்படி ‘லோவர் ரேற்’ பிழையில்லை என்று வாதாடுகிறவர்கள் எங்கள் கந்தோரிலும் உண்டு. பிழையில்லைத்தான், ஆனால் வட்டி எத்தனை வீதம் என்று கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்வது நான்.