வாய் மூடிய கோப்ளின் சுறா

ஆழ்கடலில் வாழும் கோப்ளின் சுறாவைப் பொம்மையாகச் செய்துகொண்டிருக்கிறேன்; வேலை தாடை வரை வந்துவிட்டது. காகிதக் கூழால் செய்த உடலைக் காயவைத்து உப்புத்தாளால் தேய்த்தாயிற்று. அளவு பத்தில் ஒன்று. மூன்றரை மீட்டர்ச் சுறா இங்கே 35 சென்டிமீட்டர்.

இந்தச் சுறாவின் படங்களைத் தேடினால் பெரும்பாலும் தாடை வெளியே துருத்திய கோலம்தான் அகப்படும். அவை வலையில் ஏறிச் செத்தவை, அல்லது பாடம் செய்து வைத்தவை. உயிரோடு நீந்தும்போது தாடை கண்ணுக்குக் கீழே அடங்கிக் கிடக்கும். தட்டையான மூக்கு மட்டுமே முன்னால் நீண்டிருக்கும். செத்த மீனின் முகத்தை வைத்தே கோரமானது என்று நாம் எண்ணும் பிராணி! என் பொம்மை வாயை மூடியிருக்க வேண்டும், இழுத்து விட்டால் மட்டும் பாய வேண்டும் என்பதுதான் திட்டம்.

மூக்கின் நீளத்தை முடிவு செய்யத்தான் அதிக நேரம் பிடித்தது. 1898இல் அமெரிக்க மீனியலாளர் டேவிட் ஸ்டார் ஜோர்டான் இந்த இனத்தை முதன்முதலில் விவரித்தபோது அவருக்குக் கிடைத்திருந்தது ஜப்பானின் யோகோஹாமா அருகே பிடிபட்ட 107 சென்டிமீட்டர் இளம் ஆண். வளர வளர, உடலோடு ஒப்பிட்டால் மூக்கு குறுகும். அதனால் இளஞ்சுறாவின் படத்தை ஒதுக்கிவிட்டு, வளர்ந்த சுறாவுக்கு ஏற்றபடி மூக்கைச் செதுக்கினேன். அடிப்புறம் முழுக்க ஊசியால் குத்தினேன். இரையின் உடலிலிருந்து வரும் மெல்லிய மின்புலத்தை உணரும் துளைகள் அவை. சுறா அதிகம் பிடிபடுவது 270 முதல் 960 மீட்டர் ஆழத்தில். அந்த இருட்டில் சிறிய கண்ணைவிட இந்த மூக்குக்கே வேலை அதிகம்.

உடலை விறைப்பாகச் செய்யவில்லை. தசை தளர்ந்தது, எலும்புக்கூடு மென்மையானது, வாலில் கீழ் மடல் இல்லை. துரத்திப் பிடிக்கும் உடலே அல்ல இது. மெதுவாக நெருங்குகிறது, மிச்ச தூரத்தைத் தாடை கடக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, தாடை வினாடிக்கு 3.1 மீட்டர் வரை வேகமெடுக்கிறது; உடல் நீளத்தில் சுமார் 9 சதவீதம் முன்னே நீள்கிறது. என் அளவில் அது மூன்று சென்டிமீட்டர்.

தாடையை மடக்கி வைத்திருக்கும்போது இழுபட்டு நிற்கும் தசைநார்கள், விட்டவுடன் அதை உண்டிவில் போல எறிகின்றன என்பது விளக்கம். தசைநாருக்குப் பதில் இரு பக்கமும் ரப்பர் பேண்ட், தாடைக்குக் கம்பிச் சட்டம், தொண்டைக்குள் ஒரு கொக்கி. முன்பற்களுக்குத் தங்கூசியை (தூண்டில் நரம்பை) சாய்வாக வெட்டி ஒட்டினேன். மெல்லியதாய், நீளமாய் நன்றாகவே வந்திருக்கின்றன. பின்பற்கள் நொறுக்குவதற்கான சிறியவை. கூழிலேயே புள்ளியாக வைத்துவிட்டேன்.

இனி நிறம். உயிருள்ள சுறாவின் இளஞ்சிவப்பு, தோலுக்கு அடியில் ஓடும் இரத்தம் வெளியே தெரிவதால் வருவது. ஆகவே ரோஸ் பெயிண்ட் பூசப் போவதில்லை. வெள்ளைப் பூச்சின்மேல் நீர்த்த சிவப்பு, அதன்மேல் டிஷ்யூ காகிதத்தை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்து ஒரே அடுக்காக ஒட்ட வேண்டும். ஒரு துண்டு அட்டையில் சோதித்ததில் சிவப்பு சரியாகவே மங்கித் தெரிந்தது. துடுப்புகளுக்கு மட்டும் அடியில் கொஞ்சம் நீலம் சேர்க்கிறேன்.